அப்பாவை இப்போதே அழைத்துப் போங்கள்

கோலாலம்பூர் செந்தூலிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அப்பாவுக்கு 68 வயது, ரயில்வே பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நுரையீரல் புற்றுநோய், நான்காம் கட்டம். கீமோ போய்க்கொண்டிருக்கிறது. போன வாரம் டாக்டர், வலியையும் அவதியையும் தணிக்கும் பாலியேட்டிவ் கிளினிக்குக்குக் கடிதம் கொடுத்து, வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார். ஜோகூர் பாருவில் இருக்கும் அண்ணன், "அதெல்லாம் கடைசி நேரத்துக்குத்தான். இப்பவே கூட்டிட்டுப் போனா அப்பா மனசு விட்டுடுவாரு" என்கிறார். அம்மாவுக்கு மார்ஃபின் என்ற வலி மருந்தின் பேரைக் கேட்டாலே பயம். அப்பாவிடம் "நுரையீரலில் கட்டி" என்பதற்கு மேல் யாரும் எதுவும் சொல்லவில்லை. போகலாமா, இன்னும் கொஞ்சம் பொறுக்கலாமா?

போங்கள், தம்பி. இந்த வெள்ளிக்கிழமையே போங்கள்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் 18 ஆண்டுகள் வீடு வீடாகப் போய் இப்படிப்பட்ட நோயாளிகளைப் பார்த்த தாதி நான். செந்தூல் பிளாட்டுகள், பத்துமலைப் பக்கத்துத் தாமான்கள், ரவாங், பூச்சோங் என்று நான் ஏறி இறங்காத படி குறைவு. மிஸ்ஸி என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். எங்களைத் தாமதமாகக் கூப்பிட்ட குடும்பங்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். ஒரு வாரம், நான்கு நாள், சில சமயம் ஒரே இரவு. சீக்கிரம் வந்துவிட்டோமே என்று வருந்திய ஒரு குடும்பம்கூட என் நினைவில் இல்லை.

முதலில் அண்ணனின் பயத்தை எடுத்துக்கொள்கிறேன். மனசு விட்டுவிடுவார் என்பது நியாயமான பயம். ஆனால் இதையே அளந்து பார்த்த ஆய்வு ஒன்று உண்டு, அதுவும் உங்கள் அப்பாவைப் போன்றவர்களிடமே. அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் ஜெனிஃபர் டெமெல் என்ற புற்றுநோய் மருத்துவரும் அவர் குழுவும் நடத்தி, 2010-இல் வெளியிட்டது. நுரையீரல் புற்றுநோய் பரவிய நிலையில் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட 151 பேர். பாதிப் பேருக்கு வழக்கமான புற்றுநோய்ச் சிகிச்சை மட்டும். மறுபாதிப் பேருக்கு அதே சிகிச்சையோடு, தொடக்கத்திலிருந்தே பாலியேட்டிவ் குழுவும். 12 வாரம் கழித்துப் பார்த்தபோது, சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 38 விழுக்காட்டினரிடம் மனச்சோர்வு தெரிந்தது. இரண்டும் பெற்றவர்களில் 16 விழுக்காடு. அண்ணன் எதற்குப் பயப்படுகிறாரோ, அது நேர்மாறாக நடந்திருக்கிறது. கடைசி வாரங்களில் உடம்பை வருத்தும் சிகிச்சைகளும் இரண்டும் பெற்றவர்களுக்குக் குறைவு. அப்படியிருந்தும் அவர்களில் பாதிப் பேர் 11.6 மாதத்துக்கு மேல் இருந்தார்கள், மற்றவர்களில் பாதிப் பேர் 8.9 மாதத்துக்கு மேல்.

இந்த ஆயுள் கணக்கைப் பிடித்துக்கொண்டு அம்மாவிடம் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாவற்றிலும் ஆயுள் கூடவில்லை. வலியும் அவதியும் குறைந்து, இருக்கிற நாளை நல்லபடியாக வாழ்ந்தார்கள் என்பதுதான் திரும்பத் திரும்பத் தெரிந்த முடிவு. எனக்கு அது போதும்.

பாலியேட்டிவ் கிளினிக்குக்குப் போனால் கீமோவை நிறுத்திவிடுவார்களோ என்று பலர் தயங்குகிறார்கள். நிறுத்தமாட்டார்கள். பாஸ்டனில் நடந்ததுபோல் இரண்டும் சேர்ந்தே போகும். முதல் நாளே சாவைப் பற்றிப் பேசுவார்கள் என்பதும் தவறான எண்ணம். அதே ஆய்வில் டாக்டர்கள் எழுதிவைத்த குறிப்புகளைப் பிறகு எடுத்துப் படித்தார்கள். முதல் சந்திப்புகளில் பேசியது இருமல், தூக்கம், மலச்சிக்கல், வீட்டில் யார் யார், நோயைப் பற்றி இவர் என்ன புரிந்துவைத்திருக்கிறார் என்பதெல்லாம்தான். கடைசிக்காலத் திட்டம் மாதங்கள் கழித்துத்தான் வந்தது. அந்தப் பேச்சு வரும்போது எதிரில் இருப்பவர் ஏற்கெனவே பழகிய மனிதர். தாமதமாக வருகிறவர்களுக்கு இந்தப் பழக்கம் கிடைப்பதில்லை. நான் முதன்முதலாகக் கதவைத் தட்டும் நாளிலேயே, "அப்பாவுக்கு மூச்சு நின்றால் என்ன செய்யலாம்" என்று கேட்க வேண்டியிருக்கிறது. அது கொடுமை, அவர்களுக்கும் எனக்கும்.

எங்கே போவது என்பதில் கோலாலம்பூர்க்காரர்களுக்குக் குறையில்லை. முற்றிய நோயாளிகளைப் பராமரிக்கும் ஹோஸ்பிஸ் மலேசியா 1991-இல் தொடங்கியது. செராஸில் இருக்கிறது. டாக்டரின் கடிதம் இருந்தால் கிள்ளான் பள்ளத்தாக்கு முழுக்க வீட்டுக்கே வந்து பார்ப்பார்கள், கட்டணம் கிடையாது. செலாயாங் மருத்துவமனையிலும் மலாயா பல்கலைக்கழக மருத்துவ மையத்திலும் இதற்கென்றே தனிப் பிரிவுகள் உண்டு. பினாங்கில் உறவுக்காரர் யாருக்காவது தேவைப்பட்டால், அங்கேயும் 1992-இலிருந்து வீட்டுச் சேவை நடக்கிறது. அரசாங்கமும் 2019 முதல் 2030 வரைக்கும் ஒரு தேசியக் கொள்கையை வகுத்திருக்கிறது. ஆனால் சிறு ஊர்களில் இன்னமும் ஆள் போதாது. செந்தூலில் இருக்கிறீர்கள், சேவை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

இனி அம்மாவுக்கு. மார்ஃபின் கொடுத்தால் ஆள் போய்விடுவார் என்ற நம்பிக்கை நம் வீடுகளில் எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். யாரோ ஒரு பெரியப்பாவுக்குக் கடைசி இரண்டு நாளில் கொடுத்தார்கள், இரண்டாம் நாள் அவர் போய்விட்டார். மருந்து கண்ணில் பட்டது, நோய் படவில்லை. அதனால் பழி மருந்தின் மேல் விழுந்தது. அந்தப் பெரியப்பாவுக்கு இரண்டு மாதம் முன்பே கொடுத்திருந்தால், இரண்டு மாதமும் அவர் நிம்மதியாகத் தூங்கியிருப்பார். மருந்துக்கும் கெட்ட பெயர் வந்திருக்காது.

வலிக்கு வாய்வழியாகக் கொடுக்கும் மார்ஃபினை மிகச் சிறிய அளவில் தொடங்குவார்கள். தண்ணீர் மருந்தாக இருந்தால் 4 மணி நேரத்துக்கு ஒருமுறை. நடுவில் வலி எழும்பினால் கூடுதலாக ஒரு வேளை. எத்தனை முறை கூடுதலாகத் தேவைப்பட்டது என்று ஒரு தாளில் குறித்து வையுங்கள். டாக்டர் அளவைச் சரிசெய்வது அதை வைத்துத்தான். முதல் இரண்டு மூன்று நாள் தூக்கம் சொக்கும், குமட்டலாம். பயப்பட வேண்டாம், அது பெரும்பாலும் தானாகத் தெளிந்துவிடும். தெளியாதது மலச்சிக்கல் ஒன்றுதான். மார்ஃபின் தொடங்கும் அன்றே மலமிளக்கியும் தொடங்க வேண்டும். அதை எழுதித் தர மறந்தால் நீங்களே கேட்டு வாங்குங்கள். வலி போய், நான்கு நாள் மலம் போகாமல் தவித்து, "இந்த மருந்தே வேண்டாம்" என்று தூக்கிப் போட்டவர்கள் நிறையப் பேர்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், நம் வீடுகளுக்கு இது முக்கியம். அப்பாவுக்குச் சர்க்கரை உண்டா? கிட்னி எப்படி இருக்கிறது? கிட்னி பலவீனமானால் மார்ஃபினின் கழிவு உடம்பிலேயே தங்கிவிடும். கைகால் வெட்டி வெட்டி இழுக்கும், குழப்பமாகப் பேசுவார், அளவுக்கு மீறித் தூங்குவார். அப்படி இருந்தால் ஃபென்டனில் போன்ற வேறு மருந்துக்கு மாற்றுவார்கள். கடைசியாக எடுத்த ரத்தப் பரிசோதனைத் தாளை வெள்ளிக்கிழமை மறக்காமல் எடுத்துப் போங்கள்.

பூச்சோங்கில் ஒரு அம்மா மார்ஃபின் பாட்டிலைச் சாமி அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். கணவர் இரவெல்லாம் முனகுவார். அந்த அம்மா பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொண்டே அழுவார், சாவி இடுப்பிலேயே இருக்கும். நான் வாதாடவில்லை. "இன்னிக்கு ராத்திரி ஒரே ஒரு வேளை, நான் பக்கத்துலயே உட்கார்ந்திருக்கேன்" என்றேன். கொடுத்தோம். அவர் நான்கு மணி நேரம் அசையாமல் தூங்கினார், அந்த அம்மா அவர் மூச்சை எண்ணிக்கொண்டே விழித்திருந்தார். காலையில் அவர் எழுந்து பசியாற ரொட்டி கேட்டபோது, அந்த அம்மா தாமாகவே சாவியை எடுத்து என் கையில் வைத்தார். ஏழு வாரம் நன்றாக இருந்தார் அவர். உங்கள் அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள்.

அப்பாவுக்கு வலியைவிட மூச்சுத்திணறல்தான் பெரிய தொல்லையாக வரலாம். இதில் நீங்கள் இன்றைக்கே செய்யக்கூடிய காரியம் ஒன்று இருக்கிறது. பசார் மாலத்தில், அதாவது இரவுச் சந்தையில் விற்கும் கையடக்க மின்விசிறி ஒன்று வாங்குங்கள். மூக்கு, கன்னம், மேலுதட்டில் காற்று படும்படி ஐந்து நிமிடம் பிடியுங்கள். 2010-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 50 பேருக்கு முகத்துக்கும் காலுக்கும் மாற்றி மாற்றிக் காட்டிப் பார்த்தார்கள். முகத்தில் பட்டபோது மூச்சுத்திணறல் குறைந்தது. ஆக்சிஜன் கதை வேறு. ரத்தத்தில் ஆக்சிஜன் மோசமாகக் குறையாத 239 பேரில் பாதிப் பேருக்கு ஆக்சிஜனும் மறுபாதிக்குச் சாதாரணக் காற்றும் குழாய் வழியாகக் கொடுத்துப் பார்த்ததில், அதே ஆண்டு கிடைத்த முடிவு: இரண்டும் ஒன்றுதான். ஆகவே சிலிண்டருக்குக் கடன் வாங்குவதற்கு முன் டாக்டரைக் கேளுங்கள். நம்முடைய மலாயா பல்கலைக்கழகத்தில் டாக்டர் டான் செங் பெங் குழுவினர், நுரையீரல் நோயாளிகளை 20 நிமிடம் மூச்சிலேயே கவனம் வைக்கச் செய்து பார்த்தார்கள். உட்கார்ந்திருக்கும்போதே வரும் திணறல் குறைந்தது. ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து நிதானமான குரலில் வழிநடத்த வேண்டும், அவ்வளவுதான். இந்த வேலையை நீங்கள் செய்யலாம், தம்பி. பேரப்பிள்ளைகளும் செய்யலாம்.

சொல்லாமல் மறைப்பதைப் பற்றி இப்போது. இதில்தான் நான் உங்கள் வீட்டாரோடு மாறுபடுகிறேன். நம்மவர்கள் பாசத்தினால்தான் மறைக்கிறார்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் கீமோ ஏறுகிறது, முடி கொட்டுகிறது, ஜோகூரிலிருந்து பெரிய மகன் மாதம் இரண்டு முறை வருகிறார். பட்டறையில் எந்திரத்தின் சத்தத்தை வைத்தே பழுதைக் கண்டுபிடித்த மனிதருக்குத் தன் உடம்பில் என்ன நடக்கிறது என்று தெரியாதா?

லாரி ஓட்டிய ஒருவர், 52 வயது. வீட்டில் "புண்ணுப்பா, ஆறிடும்" என்றே கடைசிவரை சொன்னார்கள். அவர் இறந்த பிறகுதான் தெரிந்தது, அவருடைய கே.டபிள்யூ.எஸ்.பி. (ஊழியர் சேமநிதி) கணக்கில் வாரிசாக இருந்தது அவருடைய அம்மாவின் பெயர். வேலைக்குச் சேர்ந்த காலத்தில் எழுதியது. அந்த அம்மா இறந்து பல வருஷம். சம்பாத்தியம் இல்லாத மனைவி, படிக்கிற இரண்டு பிள்ளைகள், கையில் பணமில்லாமல் கடிதத்துக்கும் கையெழுத்துக்கும் மாதக்கணக்கில் அலைந்தார்கள். உண்மை தெரிந்திருந்தால் அரை நாளில் மாற்றியிருப்பார். அவர் அப்படிப்பட்ட பொறுப்பான மனிதர். குடும்பத்தைக் காப்பாற்றும் கடைசி வாய்ப்பை அவரிடமிருந்து பறித்தது மற்றவர்களுடைய மௌனம்தான். நானும் அந்த வீட்டுக்கு நான்கு முறை போய்வந்தவள். அவருடைய மனைவி கும்பிட்டுக் கேட்டதால் வாயைத் திறக்கவில்லை. இன்றும் அது எனக்கு உறுத்துகிறது. (உங்கள் அப்பா ஓய்வு பெற்றவர் என்றாலும் வங்கிக் கணக்கு, வீட்டு உரிமைப் பத்திரமான கிராண்ட், உயில் எல்லாம் இருக்கும். வேலையில் இருக்கும் வயதினருக்கு நோய் வந்தால் கே.டபிள்யூ.எஸ்.பி.யில் உடல் இயலாமைக்கான பணமும் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கெசோவில் இயலாமை ஓய்வூதியமும் கேட்கலாம். பலர் இதைக் கேட்பதே இல்லை.)

அதற்காக ஒரேயடியாக எல்லாவற்றையும் கொட்டிவிடச் சொல்லவில்லை. தெரிந்துகொள்வது அவர் உரிமை, வேண்டாம் என்பதும் அவர் உரிமை. எந்தப் பக்கம் என்று அவரிடமே கேட்க வேண்டும். நாங்கள் கேட்பது இப்படித்தான்: "ஐயா, உடம்புக்கு என்னன்னு நீங்க நினைக்கிறீங்க?" பிறகு, "ஸ்கேன்ல வந்ததை உங்களுக்கு எல்லாம் சொல்லணுமா, இல்லே பிள்ளைகள்கிட்ட பேசினா போதுமா?" சிலர் "மகன்கிட்ட பேசும்மா" என்பார்கள். அப்போது மகனிடம் பேசுவோம், அது அவர் கொடுத்த அனுமதி. வேறு சிலர் கதவைப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "எவ்வளவு நாள்?" என்று கேட்பார்கள். டாக்டர் அந்த இரண்டு கேள்விகளையும் அப்பாவிடம் கேட்கும்போது அண்ணனும் அம்மாவும் குறுக்கே விழுந்து பதில் சொல்லாமல் இருந்தால் போதும்.

சாப்பாட்டை விட்டுவிட்டு இந்தப் பதிலை எழுத முடியாது. "நாலு வாய் சாப்பிட்டாத்தானே தெம்பு வரும்" என்று அம்மா தட்டோடு நிற்பார். நோய் முற்றும்போது உடம்பு சாப்பாட்டைத் தசையாக மாற்றும் வழக்கத்தையே இழந்துவிடுகிறது. சாப்பிடாததால் மெலிகிறார் என்று நினைக்கிறோம். நோயினால்தான் மெலிகிறார், நோயினால்தான் பசியும் போகிறது. ஊட்டுவது சண்டையாக மாறினால், அன்பாக இருந்த ஒன்று இரண்டு பேருக்கும் வேதனையாகிவிடும். பிடித்ததை, கேட்கும்போது, இரண்டு ஸ்பூன். அத்தோடு விடுங்கள்.

பிறகு ஒருநாள், "தண்ணியாவது ஏத்துங்க டாக்டர்" என்ற பேச்சு வரும். அமெரிக்காவின் ஹூஸ்டனில் வீட்டு ஹோஸ்பிஸ் நோயாளிகள் 129 பேரில் ஒரு பாதிக்குத் தினமும் 1 லிட்டர், மறுபாதிக்குப் பெயரளவுக்கு 100 மில்லி மட்டும் ஏற்றினார்கள். யாருக்கு எவ்வளவு என்று அவர்களுக்குத் தெரியாது. 2013-இல் வந்த முடிவில் களைப்பிலும் குழப்பத்திலும் வேறுபாடு இல்லை, ஆயுளிலும் இல்லை. ஏற்றும் தண்ணீர் கால் வீக்கமாகவும் நெஞ்சுச் சளியாகவும் போய் நிற்பதை நானே பார்த்திருக்கிறேன். தாகம் என்று நாம் நினைப்பது பெரும்பாலும் வாய் வறட்சி. இரண்டு மணிக்கு ஒருமுறை ஈரப் பஞ்சால் வாயைத் துடையுங்கள், உதட்டில் வாஸ்லின் தடவுங்கள், விழுங்க முடிந்தவரை இளநீரைச் சின்ன ஐஸ் துண்டாக உறையவைத்துச் சப்பக் கொடுங்கள்.

கடைசியில் பால் ஊற்றுவது நம் வழக்கம். பிள்ளைகள், பேரன், பேத்தி எல்லாரும் வரிசையாக வந்து ஊற்றுவார்கள். அதைத் தடுக்கும் மிஸ்ஸிகளும் உண்டு. நான் தடுத்ததில்லை. ஆனால் விழுங்கும் சக்தி போன தொண்டையில் ஸ்பூன் ஸ்பூனாக ஊற்றினால் பால் நுரையீரலுக்குள் போய் அவர் மூச்சடைத்துத் திணறுவார், அந்தக் காட்சி ஊற்றிய பிள்ளையின் மனத்திலிருந்து போகவே போகாது. தலையை உயர்த்தி ஒருபக்கமாகச் சாய்த்துவைத்து, பஞ்சில் நனைத்து, கன்னத்தின் உள்பக்கம் ஒரு சொட்டு. கங்கை நீரானாலும் துளசித் தீர்த்தமானாலும் அப்படித்தான். சடங்கும் நிறைவேறும், அவருக்கும் துன்பமில்லை. இதை வீட்டுப் பெரியவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். அந்த நேரத்தில் அத்தைமாரிடம் யாராலும் பேச முடியாது.

"வீட்டுக்குக் கூட்டிப் போனால் சீக்கிரம் போய்விடுவாரா" என்றும் கேட்பார்கள். ஜப்பானில் 2,069 பேரை வைத்து 2016-இல் வெளியான ஆய்வில், வீட்டில் இறந்தவர்கள் மருத்துவமனையில் இறந்தவர்களைவிடக் குறைந்த நாள் வாழவில்லை. ஆகவே ஆயுளை வைத்து முடிவு செய்ய வேண்டாம். வீட்டில் யார் பார்த்துக்கொள்வது என்பதை வைத்து முடிவு செய்யுங்கள். இங்கே மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். "வீட்டிலேயே வச்சுப் பார்த்துக்குவோம்" என்று ஆண்கள் சொல்வார்கள், இரவு மூன்று மணிக்கு எழுந்து துணி மாற்றுவது மருமகளாக இருப்பார். முடிவெடுக்கும் பேச்சில் அவரையும் உட்கார வையுங்கள். அண்ணன் ஜோகூரிலிருந்து வரும் வார இறுதியில் இரண்டு இரவு அவர் பார்த்துக்கொள்ளட்டும்.

கடைசி நாட்களில் என்ன வரும் என்று தெரிந்திருந்தால் பதறமாட்டீர்கள். பெரும்பகுதி நேரம் தூங்குவார். சிறுநீர் குறையும், கைகால் சில்லிடும். மூச்சு வேகமாக வந்து, நின்று, மறுபடியும் வரும். தொண்டையில் கறகறவென்று ஒரு சத்தம் கேட்கலாம். விழுங்காத எச்சில் அங்கே தேங்குவதால் வருவது அது. கேட்கிற நமக்குத்தான் அது தாங்க முடியாதது. மயக்கத்தில் இருக்கும் அவருக்குப் பெரும்பாலும் அது தெரிவதில்லை. ஒருக்களித்துப் படுக்கவைத்தால் குறையும். நெதர்லாந்தில் 157 பேரிடம் நடத்தி 2021-இல் வெளியிட்ட ஆய்வில், சத்தம் வருவதற்கு முன்பே அதைத் தடுக்கும் ஊசி மருந்து தொடங்கியவர்களில் 13 விழுக்காட்டினருக்கும், தொடங்காதவர்களில் 27 விழுக்காட்டினருக்கும் அது வந்தது. வந்த பிறகு கொடுக்கும் மருந்து அவ்வளவு கேட்பதில்லை. முன்பே வந்துவிடுங்கள் என்று நான் நச்சரிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அந்த நேரத்தில் ஆம்புலன்ஸுக்கு 999-ஐக் கூப்பிட்டால் வருகிறவர்கள் அவர்கள் கடமையைச் செய்வார்கள், நெஞ்சை அழுத்துவார்கள். அதை அப்பா விரும்புவாரா என்று அவர் பேசக்கூடிய காலத்திலேயே டாக்டரோடு பேசி முடிவு செய்து, ஹோஸ்பிஸ் தாதியின் எண்ணை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவையுங்கள். வீட்டில் இறந்தால் காவல் நிலையத்திலும் பதிவு இலாகாவிலும் என்னென்ன காகிதம் கேட்பார்கள் என்பதையும் அவர்களிடமே முன்கூட்டிக் கேட்டு, ஐ.சி.யோடு ஒரே கோப்பில் போட்டுவையுங்கள்.

கண் மூடிக் கிடந்தாலும் அவரிடம் பேசுங்கள். கனடாவில் வான்கூவர் ஹோஸ்பிஸ் நோயாளிகளின் மூளை அலைகளைப் பதிவு செய்தார்கள். எதற்கும் அசையாத நிலையில் இருந்த சிலருடைய மூளையும் ஒலி மாறும்போது, நலமாக இருக்கும் இளைஞர்களின் மூளையைப் போலவே அதைக் கவனித்தது என்று 2020-இல் எழுதினார்கள். கேட்டதைப் புரிந்துகொண்டாரா என்பது வேறு. காதில் விழுகிறது என்பதே எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. சிவபுராணத்தை ஃபோனில் ஓடவிடுவதைவிட, தப்புத்தப்பாக வந்தாலும் நீங்களே படியுங்கள். அவருக்குப் பழகியது உங்கள் குரல்.

வெள்ளிக்கிழமைக்கு மருந்துகள் எல்லாவற்றையும், நாட்டு மருந்து உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். அப்பாவிடம் என்ன சொல்லி அழைப்பது என்று குழம்ப வேண்டாம். காலையில் பசியாறும்போது, "இருமலுக்கும் மூச்சுக்கும் தனியா ஒரு டாக்டர் இருக்காங்களாம்ப்பா, போய்ப் பார்க்கலாமா" என்று கேளுங்கள். அது பொய் இல்லை. அண்ணனால் வர முடியாவிட்டால், டாக்டர் அறையில் ஃபோனை மேசைமேல் வைத்து அவரையும் கேட்க வையுங்கள். அவருடைய கேள்விகளை அவரே கேட்கட்டும்.